பின் இடது

வீடியோ வட்டுக்குள் ஹாப்சலு தேவாலயம் இருந்தது.
கல் கூரைக்குக் கீழே நாற்பத்தோரு பேர்.
கேட்க வந்தவர்களை நடுவில் உட்கார வைத்து
சுற்றி நின்று பாடினோம்.
ஆண்கள் முன்னால்.
தாழ்குரல் பெண்கள் நாங்கள் பின்னால்,
இடப்பக்கத் தூணை ஒட்டி.

அதைக் காரில் கேட்க வேண்டும்,
ஆசை அவ்வளவுதான்.
பழைய வால்வோ, ஆறு ஒலிபெருக்கி.
எனக்கு விற்றவன் கொஞ்சம் பைத்தியம்.
வீடியோ வட்டைக் கொடுத்தால் துப்பிவிடும்.
சிடி தின்னும்,
ஆறு தடத்தையும் அதற்குள் மடித்து வைக்கத் தெரிந்தால்.

முதல் சிடியைச் சமையலறைப் பெட்டியில் போட்டேன்.
காய்ந்த எண்ணெயில் ஈரக் கரண்டி விழுந்த சத்தம்.
கடைசி நிமிடம் வரை அதுவேதான்.
உடைத்தேன். இரண்டாவதையும் உடைத்தேன்.
பிறகு புரிந்தது:
கெட்டுப்போன சத்தமில்லை அது, பூட்டிய சத்தம்.
சாவி வால்வோவில் இருக்கிறது.

மூன்றாவது காரில் பாடியது.
ஆனால் நாற்பத்தெட்டாயிரத்தை
நாற்பத்து நாலாயிரத்து நூறாக இறக்க மறந்திருந்தேன்.
எல்லோரும் ஒரு படி கீழே,
மயக்க மருந்து தெளியாதவர்கள் போலப் பாடினார்கள்.
அதிலும் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தது.
எழுபத்து நாலு நிமிடம்தான் கொள்ளும்.
மூன்றாம் பாட்டை எடுத்துவிட்டேன். ஏழு நிமிடம், நீளம்.

மறுபடி முதலிலிருந்து.
தடங்களைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தனியே கேட்டேன்.
நடுவில் ஐனாரின் மூச்சு,
கை தூக்குமுன் உறிஞ்சும் மூச்சு.
ஆழ்ஒலித் தடத்தில் வெளியே போன லாரி.
பின் வலதில் யாரோ மிட்டாய்த் தாளைப்
பிரிக்கிறார்கள், பிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பின் இடது.
நான்காம் பாட்டு, அந்த மௌனத்துக்குப் பிறகு
எல்லோருக்கும் அரைத் தாளம் முன்னால்
ஒரு குரல் நுழைகிறது.

அன்றைக்கு ஐனார் திரும்பி வீவேயைப் பார்த்தார்.
பார்த்தது மட்டும்தான்.
நாங்களும் பார்த்தோம்.
அடுத்த ஒத்திகைக்கு அவள் வரவில்லை.
வசந்தத்தில் ஹீயுமா தீவுக்குக் குடிபோனாள்,
மீன் புகைபோடும் வேலைக்கு.
எட்டு வருடம் ஸ்டீரியோவில் கேட்டபோதெல்லாம்
அந்தக் குரல் நாற்பது குரலுக்கு நடுவே
யாருடையதாகவும் இல்லாமல் இருந்தது.

என்னுடையது.
முகத்தைக்கூடப் புகைப்படத்தில் தப்பாகச் சொல்லலாம்.
'ர'வில் தடுக்கும் என் நாக்கை
நான் எப்படித் தப்பாகச் சொல்வேன்?
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அரை நொடிதான்.
சுட்டியால் வருடினால் நீலமாகும்,
ஒரு விசை, போய்விடும்.
அழித்து ஒரு பிரதி செய்தேன், மறைக்கவில்லை.
கேட்டேன். நான்காம் பாட்டு
துவைத்த துணி போல இருந்தது.
அழிக்காததையே எழுதினேன்,
இருப்பதிலேயே மெதுவான வேகத்தில்.
விடியும்வரை அந்தச் சின்ன விளக்கையே பார்த்தபடி.

பிப்ரவரி. கடலின் மேல் பாதை திறந்திருந்தார்கள்.
இருநூற்றைம்பது மீட்டர் இடைவெளி,
பெல்ட் போடக் கூடாது,
பனி உடைந்தால் குதிக்க வேண்டுமல்லவா.
இருபத்தாறு கிலோமீட்டர்
எதையும் போடாமல் ஓட்டினேன்.

வீவே வேலைக் கோட்டோடு வந்து
பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.
கார் முழுக்கப் புகையும் விலாங்கும்.
நான்காம் பாட்டைப் போட்டேன்.
பின் இடது ஒலிபெருக்கி
சரியாக என் காதுக்குப் பின்னால்.
நுழைந்தேன், அரைத் தாளம் முன்னால், தெளிவாக.

ஹீட்டரைக் குறைத்தாள்.
இன்னொரு தரம் போடச் சொன்னாள்.
பிறகு முதலிலிருந்து முழுதும்.
கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்து
தெரு மறைந்தது.

"மூன்றாம் பாட்டு எங்கே?"

இடம் போதவில்லை என்றேன்.

"அதில்தான் நான் தனியாகப் பாடினேன்."

கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே ஏறி உட்கார்ந்தது.
"இன்னொரு சிடியில் போட்டுக் கொண்டு வா," என்றாள்.
"மார்ச்சில் பாதையை மூடிவிடுவார்கள்."