தொடக்க மதிப்பு

தொண்டி ஜெட்டி. தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு
சும்மா கிடக்கின்றன.
பதினோராவது தூணில் கம்பி வரை துளைத்து
கிளிப்பைக் கவ்வ வைத்தேன்.
அலைவெண்ணைக் குறைக்கக் குறைக்க
மடிக்கணினியில் ஒரு கோடு எழுந்தது,
நாற்பத்தைந்து பாகையில்.

மின்தடை என்றால் படுத்திருக்கும்.
மின்தேக்கி என்றால் விறைத்து நிற்கும்.
இது இரண்டுமில்லை, அரை.
ஒரு முறை வகையிட்டால் வேகம்
இரண்டு முறை என்றால் முடுக்கம்
என்று பரமக்குடியில் படித்த நாளில்
அரை முறையும் வகையிடலாம் என்று யாரேனும் சொல்லியிருந்தால்
பாதிக் கிணறு தாண்டவா என்று சிரித்திருப்பேன்.

முழு வகைக்கெழுவுக்கு
இந்தக் கணத்தின் சாய்வு போதும்.
அரை வகைக்கெழு வட்டிக்கடைக்காரன்.
முதல் நாளிலிருந்து வரவு கேட்பான்.
பழசுக்கு எடை குறைத்துப் போடுவான்,
எதையும் தள்ளுபடி செய்யமாட்டான்.
கான்கிரீட்டுக்குள் உப்பு நகர்வது
அவன் கணக்கில்தான்.

அலுவலகத்து மென்பொருள்
கடைசிப் பத்து வருடத்தை வைத்துக்கொண்டு
மீதியை வெட்டிவிடும்.
குறுநினைவு விதி என்று அதற்குப் பெயர்.
கணக்கு சீக்கிரம் முடியும்,
அதிகாரி வீட்டுக்குப் போகலாம்.
எனக்கு முதல் வருடம் வேண்டும்.
கோப்பில் அந்தப் பக்கம் மட்டும்
ஈரம் பட்டு ஒட்டிப்போயிருந்தது.

வள்ளத்தைத் தூணோடு அணைத்துப் பிடித்திருந்த
அபுதாகிரிடம் கேட்டேன்,
எப்ப வார்த்தது இது?
"எனக்குப் பதினெட்டு வயசு.
தண்ணி லாரி மூணு நாளா வரல.
மேஸ்திரி குடத்தக் கையில குடுத்துட்டாரு.
நாந்தான் மோந்து மோந்து ஊத்துனேன்."
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
அவராகவே துடுப்பால் கீழே காட்டினார்.

உப்பு வெளியிலிருந்து வரவில்லை.
சிமெண்டோடு சேர்ந்து பிறந்திருக்கிறது.
காலம் சுழியில் செறிவு சுழி
என்று எழுதியிருந்த முதல் வரியை அடித்தேன்.
மூன்று மாத வேலை
அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தப்பாங்க?" என்றார்.
குடிக்கவே தண்ணீரில்லாத ஊரில்
என்ன பதில் சொல்ல?
"இந்தத் தூணுக்கு எத்தனை குடம்?" என்றேன்.

கொண்டல் காற்றில் வள்ளம் அசைந்து
திரையில் கோடு ஒரு துடி துடித்தது.
பதினொன்றுக்கு நேராக வர அவரால் முடியவில்லை.
கரையோரத்து முதல் தூணைப் பார்த்தபடி
விரல் மடக்கத் தொடங்கினார்.