இடப்பக்கம்

பொன்னுக்கு வீங்கி வந்தபோது எனக்கு வயது ஏழு.
பக்கத்து வீட்டு மதினியிடம் இரவல் வாங்கிய சங்கிலியைக்
கழுத்தில் போட்டுவிட்டாள் அம்மா.
ஒன்பதாம் நாள் வீக்கம் இறங்கியது,
சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தோம்.
கூடவே இடது காதும் போய்விட்டது
ரெண்டு வருஷம் கழித்து
போனைக் கை மாற்றிப் பிடித்த அன்றுதான் தெரிந்தது.

ராணுவத்துக்கு ஆள் எடுத்த மைதானத்தில்
ஆயிரத்து அறுநூறு மீட்டரை
ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தேன்.
மார்பு ஐந்து சென்டிமீட்டர் விரிந்தது.
டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று
ஏதோ ஒரு சொல்லைக் கிசுகிசுத்தார்.
"இந்தப் பக்கம் கேக்காது சார்" என்றேன்.
உண்மை பேசியதற்கு ஒரு சீல் உண்டு,
சிவப்பு மையில், வட்டமாக.

சவுதிக்கான மெடிக்கலில் நான் வேறு ஆள்.
கண்ணாடிக் கூண்டு, தலையில் ஹெட்போன்,
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும்.
இடக்காதின் முறை வந்தபோது
வெளியே அந்தப் பெண் விசையைத் தட்டும் ஒவ்வொரு தரமும்
அவள் வளையல் ஒரு நூல் இறங்கியது.
வளையலைக் கேட்டேன்.
ஃபிட் என்று எழுதினார்கள்.

ஜுபைல். நாலாம் நம்பர் கேட்.
காக்கி இல்லை, நீலம். ஆனாலும் தொப்பி உண்டு, பூட்ஸ் உண்டு,
காலையில் ஃபாலின் உண்டு.
வரிசையில் இடது கோடியில் நிற்பேன்,
பஸ்ஸில் இடது ஜன்னல், மெஸ்ஸில் சுவரோரம்.
"ஓரத்துக்காரன்" என்று பெயர் வைத்தான் தங்கப்பாண்டி.
நல்ல காதைத் தலையணைக்குக் கொடுத்துவிட்டால்
பதினாலு பேர் குறட்டையும்
எவனோ பெண்டாட்டியோடு விடியும்வரை போடும் சண்டையும்
உலகத்தில் இல்லை.

ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், திசை கேட்காது.
இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை.
ஷமால் வீசிய ஒரு ராத்திரி சொன்னது.

"பாயி" என்று ஒரு குரல்.
மணல் பறக்கிறது, ஃபிளேர் நெருப்பு சாய்ந்து எரிகிறது,
டார்ச் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை.
பைப் ரேக் வரை ஓடினேன்.
"பாயி"
திரும்பி டேங்க் பக்கம்.
"பாயி"
வேலியோரம்.
எந்தப் பக்கம் திரும்பினாலும்
குரல் வலப்பக்கமாகவே இருந்தது.

முனீர் உசேன். பிகார். சாரம் கட்டுகிறவன்.
கேட்டிலிருந்து முப்பது எட்டில், கேபிள் பள்ளத்தில்,
இடுப்புவரை சரிந்த மண்ணும்
காலின் மேல் ஒரு இரும்புக் குழாயும்.
முதலிலேயே இடப்பக்கம் திரும்பியிருந்தால்.

ரெஜிஸ்டரில் எழுதினேன்:
குரல் கேட்ட நேரம் 2:10.
ஆளைக் கண்ட நேரம் 2:17.
"இந்தக் காத்துல ஏழே நிமிஷம், சபாஷ்" என்றார் சூப்பர்வைசர்.
இருநூறு ரியால். ஒரு போட்டோ.
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று
மெஸ்ஸில் யாரோ சொன்னது
எனக்கு நன்றாகக் கேட்டது.
ஏழு நிமிடம் முந்தியிருந்தால் கால் இருந்திருக்குமா?
டாக்டர்களிடம் நான் எதையும் கேட்பதில்லை.
ரியால் இன்னும் சோப்பு டப்பாவில் கிடக்கிறது.

இன்று வருடாந்திர மெடிக்கல்.
மேரிசெல் என்று பெயர்ப்பட்டை. வளையல் இல்லை.
நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.
வெள்ளைச் சுவர், ஒரு ஆணி,
ஆணியில் ஒன்றுமில்லை.
வலக்காது முடிந்தது.
இடக்காது.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
பிறகு, சத்தியமாக, அந்தப் பக்கத்திலிருந்து
"பாயி".
அமுக்கினேன்.
"பாயி".
அமுக்கினேன்.
மூன்றாவதற்கு விரல் வரவில்லை.

எழுந்து வெளியே வந்தேன்.
தாளைப் பார்த்தபடி என் இடப்பக்கம் நின்று
அவள் ஏதோ கேட்டாள்.
உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.
இருபது வருஷப் பழக்கம்,
சிரித்தேன்,
தலையை ஆட்டினேன்.
அவள் எழுதிக்கொண்டாள்.