இன்னிக்கு செவ்வா

தண்டையார்பேட்டையில் மெட்ரோ படியேறி
இருபத்து மூன்று கிலோ பெட்டியோடு வெயிலுக்கு வந்தேன்.
முதல் ஆட்டோவிடம் என் முதல் கேள்வி:
"அண்ணே, எத்தனை வெள்ளி?"
டில்லிபாபு என்று கண்ணாடியில் எழுதியிருந்தவர்
கொஞ்சம் யோசித்தார்.
"வெள்ளியா? இன்னிக்கு செவ்வாம்மா."

எங்கள் பந்திங்கில் காசுக்குப் பெயர் வெள்ளி.
அதை விளக்கி முடிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.
நூற்றைம்பது கேட்டார். கொடுத்தேன்.
அறுபதுதான் ஆகும் என்று பிறகு மூன்று பேர் சொன்னார்கள்,
தனித்தனியாக, மகிழ்ச்சியாக.

மண்ணைத் தொட்டதும் சொல்ல
விமானத்திலேயே ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன்.
மண் எங்கே இருந்தது?
தார். சிமெண்ட் பலகை. கன்டெய்னர் லாரி கிளப்பும் கரும்புழுதி.
வாக்கியம் இன்னும் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது
போர்டிங் பாஸுக்குப் பக்கத்தில், மடிப்புக் கலையாமல்.

"பசியாறியாச்சா?" என்பேன் காலையில்.
அறைத்தோழி சகாயசீலி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவாள்.
"சாமியார் மாதிரி பேசாதடி.
நாஷ்டா துன்ட்டியான்னு கேளு."
எங்கள் வீட்டில் தின்பது மாடு மட்டும்.
இந்தத் துன்னுவில் அன்பு இருக்கிறது என்று பிடிபட
ஒன்பது நாள் ஆனது.

கல்லூரி அலுவலகத்தில் படிவம்.
தேசியம்: மலேசியா. அதில் சிக்கல் இல்லை.
"நேட்டிவ் எதும்மா?"
"கப்பலேறினவங்க சேலம் பக்கம்னு..."
"பக்கம்னா? ஆத்தூரா, ஓமலூரா, ராசிபுரமா?"
எங்கள் குடும்பத்தில் மிஞ்சியது
அந்தப் 'பக்கம்' மட்டும்தான்.
ஊர் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.
அவரே பேனாவை வாங்கி
கட்டம் முழுக்க ஒரு கோடு போட்டார்.

துறைமுகம் இங்கிருந்து நடக்கிற தூரம்.
அவர்கள் ஏறிய இடம் என்று
ஒருநாள் போய் நின்று அழ நினைத்திருந்தேன்.
வாசலில் துப்பாக்கிக் காவலர் அடையாள அட்டை கேட்டார்.
கல்லூரி அட்டையைக் காட்டினேன்.
"உள்ள இன்னா வேலை?"
யோசித்துப் பார்த்தால், ஒரு வேலையும் இல்லை.

மூன்றாவது வாரம் மழை பிடித்தது.
கீழ்வீட்டு தேசம்மா, காசிமேட்டில் ஏலம் கூவிக் கூவி
தாழவே தெரியாமல் போன குரல்,
மாடிப்படிக்கு அடியில் அடுப்பை இழுத்து வைத்து
வாழைக்காய் பஜ்ஜி போட்டார்.
"ஏய் ஃபாரினு, கீழ வா!"
ஃபாரினு நான்தான்.
முழுப் பெயர் சொல்லிக்கொடுத்தும் அதுதான் நிலைத்தது.

"என்ன எண்ணெய்க்கா?"
"ரேஷன் பாமாயிலு. கார்டுக்கு ஒண்ணு."
காலிப் பாக்கெட்டைத் திருப்பினேன்.
பொடி எழுத்து, மழை ஈரத்தில் வழுக்கியது:
இறக்குமதி, மலேசியா.

எங்கள் பேச்சில் அது செம்பனை.
அப்பா இந்நேரம் ஆலை வாசலில்
குலை ஏற்றிய லாரியோடு வரிசையில் நிற்பார்.
முன்னால் பதினோரு வண்டி என்று படம் அனுப்புவார்.
துவைத்தாலும் போகாது அவர் சட்டையில் அந்த நெடி.
என் முதல் தவணைக் கட்டணம் அதில் வந்தது.
எனக்கும் முன்னால் அது இங்கே வந்து
விசா இல்லாமல், நேட்டிவ் கேட்கப்படாமல்
தேசம்மாவின் ரேஷன் கார்டில் இடம் பிடித்திருக்கிறது.

"அக்கா, இது எங்கப்பா ஏத்துனதா இருக்கலாம்."
தேசம்மா கரண்டியை நிறுத்தவில்லை.
"அப்ப அவராண்ட சொல்லு.
சீக்கிரம் பொங்குது இது. பாத்து அனுப்பச் சொல்லு."

அன்றிரவே எழுதினேன்.
அப்பாவிடமிருந்து நெடுநேரம் பதில் இல்லை.
பிறகு, "பஜ்ஜி எப்படி?"

நன்றாக இருந்தது என்று எழுதி, அழித்து,
நாலு துன்னேன் என்று அனுப்பினேன்.