முளை

திட்டத்தின் வரைபடத்தில் வடக்கு மட்டும்தான் இருந்தது.
ஓர் அம்புக்குறி, அதன் தலையில் ஓர் எழுத்து.
காற்றுக்கு அடையாளம் இல்லை.

முளை அடித்தவன் நான். ஒன்பது முளை,
கிறவல் றோட்டை முகம் பார்க்க,
நாவற்சேனைக்குளத்தில்
மற்ற இருபத்தாறு வீட்டுக்கும் அடித்தது போலவே.
அதே நூல், அதே மூலைமட்டம்.
வேலியில் முறித்த பூவரசங் கதியாலைச்
சீவிச் சீவித் தந்தவன் அவளுடைய மகன்.

அடுத்த கிழமை போனால்
முளைகள் பதினொரு அடி தள்ளி நிற்கின்றன,
சரிவாக,
குளக்கட்டைப் பார்த்தபடி.
ஒன்று மட்டும் நான் அடித்த இடத்திலேயே,
பாலை வேர்களுக்கிடையில் இறுகி.

ஆர் செய்தது?
"நான்தான் சேர்," என்றாள் நாகபூசணி
கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்காமல்.

முதற்கட்டக் காசு மறிபடும் என்றேன்.
"வாங்கோ" என்று வளவுக்குள் நடந்தாள்.
நாயுண்ணியும் ஈச்சம்பற்றையும் மூடிய நிலம்.
ஓரிடத்தில், ஒன்றுமேயில்லாத ஓரிடத்தில்,
காலை உயர்த்தி வைத்தாள்.
தலையையும் சற்றுக் குனிந்தாள்.
எனக்குப் படியும் தெரியவில்லை, நிலையும் தெரியவில்லை.

பழைய வீட்டைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"அது பிழையான வீடு சேர்.
மனுசன் றோட்டைப் பாத்துக் கட்டினவர்,
பஸ் வாறது தெரிய வேணுமாம்.
ஒரு கார்த்திகை குளம் வான் பாஞ்சது
எங்களுக்குக் கேக்கேல்ல.
விடிய எழும்பினால் அறைக்குள்ள செருப்பு மிதக்குது.

முகாமில ரெண்டு வருசம்.
அங்க எல்லாத் தறப்பாளும் ஒரே பக்கம் பாத்தது.
இருட்டில வெளிக்குப் போட்டு வந்து
ஆற்றையோ பிள்ளைக்குப் பக்கத்தில படுத்திட்டன்.
அந்தப் பிள்ளையும் எழும்பேல்ல.

எனக்குச் சத்தம் வாற பக்கம் ஒரு யன்னல் வேணும்.
ஆடிக் கச்சானுக்கு முதுகு காட்டிற சுவர் ஒண்டு.
மிச்சம் நீங்கள் கீறினபடியே இருக்கட்டும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
பாலை நிழல் அவளுடைய முளைகளை
ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது.
என்னுடைய ஒற்றை முளை வெயிலில் நின்றது.

படிவத்தில் அத்திவார ஆழத்துக்குக் கட்டம் உண்டு,
கல்லின் அளவுக்கு உண்டு, சீமெந்து மூட்டைக்கு உண்டு.
திசைக்கு இல்லை.
ஆகவே நான் பொய் எழுதவில்லை.
கையெழுத்து மட்டும் வைத்தேன்.

கிளிநொச்சியில் என் விடுதி அறைக்கு
ஒரு யன்னல் இருக்கிறது.
அது எதைப் பார்க்கிறதென்று
அன்று இரவுதான் எழும்பிப் போய்ப் பார்த்தேன்:
தண்ணீர்த் தாங்கியின் கால்.

கூரை மட்டக் காசுக்கு மார்கழியில் போனேன்.
மழை பிடித்து, மோட்டார்சைக்கிள் போக்கில் நின்றுவிட,
பூசாத சுவருக்குள் பாயில் இருந்தேன்.
தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு அடியில்
இன்னொரு சத்தம்,
கனமாய், விட்டுவிடாமல்.
"துருசில்லை, அது வான்," என்றான் மகன்.
"இப்ப அரையடி. படுக்கலாம்."
நம்பிப் படுத்தேன்.

காலையில் முற்றத்து மூலையில்
என்னுடைய முளை துளிர்த்திருந்தது.
சுற்றிவரப் பாத்தி கட்டியிருந்தாள்.

"அது உங்கட வீட்டின்ரை மூலையெல்லோ சேர்,
கோடையில தண்ணி ஊத்தினனான்."

மூன்று இலை.
ஒன்றைப் புழு தின்றிருந்தது.