கழுத்துப்பட்டை கட்டாயம்

அழைப்பிதழில் நான்தான் அப்படி எழுதினேன்:
'இரவு ஏழரை மணி. கழுத்துப்பட்டை கட்டாயம்.
படுக்க உறக்கப்பை. எரிக்க ஆளுக்கு இரண்டு விறகு.'
கார் நிற்கும் இடத்திலிருந்து பதினோரு மைல்,
இரண்டு ஆறு; பாலம் ஒன்றுக்குத்தான்.

மேசைவிரிப்பை இஸ்திரி போட்டு
கூடாரக் கம்பியில் சுற்றி எடுத்துப் போனேன்,
மடிப்பு விழக்கூடாதென்று.
கோழியும் லீக்ஸும் சேர்ந்த சூப்பைச் செங்கல்லாய் உறையவைத்துக்
கம்பளிக் காலுறைக்குள் திணித்திருந்தான் மர்டோ.
ஆறாவது மைலில் அது
அவன் முதுகில் அழத் தொடங்கியது.
எஃபி கொண்டுவந்தது வெள்ளி மெழுகுவத்தித் தாங்கி,
ஒரு கிலோ நானூறு கிராம்;
அதற்காக மாற்றுச் சட்டையை விட்டுவிட்டு வந்தாள்.
லாக்லனிடம் ஆறு ஒயின் கிண்ணங்கள்.
'ஐந்து' என்றான்,
இரண்டாம் ஆற்றிலிருந்து எழுந்து.

பந்திக்கு எங்களை முந்திக்கொண்டது மழை.
கூரையின் வடமூலையில் ஒழுகி
மேசையாகப் போகிற பழைய கதவின் மேல்
குளம் கட்டியிருந்தது.
பூட்டில்லாத கல்வீடு அது.
யாரும் வரலாம், தங்கலாம்,
போகும்போது பெருக்கிவிட்டுப் போக வேண்டும்.
ஸ்காட்லாந்தின் இந்த மலைப்பக்கம்
அதற்குமேல் சட்டம் கிடையாது.

ஈரக் காற்சட்டைக்கு மேல் கறுப்புக் கோட்டுகள்.
ஊனாவின் பட்டுக் கவுனுக்குக் கீழே
வழிகாட்டிப் பலகைபோல் சிவப்புக் கம்பளிக் காலுறை.
ஜாம் புட்டியில் ரோவன் பழக்கொத்து.
வெளியே அக்டோபர் இருட்டில்
ஆண்மான்கள் துணை கேட்டுத்
தொண்டை கிழியக் கத்தின.
'இவற்றுக்கும் அழைப்பிதழ் அனுப்பினாயா?'
என்றான் சோர்லி.

சூப்பில் கரண்டி படுமுன் கதவு திறந்தது.
முதலில் ஒரு தலைவிளக்கு.
பிறகு, முதுகில் தகரத் தகடும் ஆணிப்பையுமாக
அதன் கீழே ஒரு மனிதர்.
'ஒழுகுதென்று சொன்னார்கள். கூரையைப் பார்க்க வந்தேன்.'
மெழுகுவத்திகளைப் பார்த்தார்.
சேறப்பிய தன் காலணியைப் பார்த்தார்.
'நான் விறகுக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன்.'

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மேசைமேல் நிமிர்ந்து நின்ற
என் அழைப்பிதழ்தான் சொல்லிக்கொண்டிருந்தது.
அதை நான் குப்புறக் கவிழ்ப்பதற்குள்
ஊனா எழுந்து, முதலுதவிப் பையிலிருந்து
முக்கோணக் கட்டுத்துணியை உருவி
அவர் கழுத்தில் வில்முடிச்சுப் போட்டாள்.
டூகல் என்றார் பெயரை,
தாடையை உயர்த்தியபடி.

ஆறு பேருக்கு அளந்த சூப்பு ஏழானது
வெந்நீரால்.
வேறு அற்புதம் எதுவும் நடக்கவில்லை.
என் கிண்ணம் அவருக்குப் போனது;
நசுங்கிய தகரக் குவளை எனக்கு வந்தது.

சூப்பு முடிந்ததும், கேட்காமலே எழுந்தார்.
வலப்பக்கமிருந்து தட்டுகளை எடுத்தார்,
ஒன்றன்மேல் ஒன்றாக, ஓசையின்றி.
இடப்பக்கமிருந்து இறைச்சியைப் பரிமாறினார்.
அலுமினியச் சட்டியிலிருந்து
ஒரு சொட்டும் விரிப்பில் விழவில்லை.
நாங்கள் ஆறு பேரும்
அறியாமலே முதுகை நிமிர்த்தியிருந்தோம்.

'பெர்த்தில் ஒரு ஓட்டல்' என்றார், சட்டியைப் பார்த்தபடி.
'விருந்துக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம்.
கல்யாணம் மட்டும் எண்ணூறு இருக்கும்.'

'உட்காருங்கள்' என்றேன்.
விருந்தளிப்பவள் குரலில் சொல்லப்போய்
கெஞ்சல்போல் வந்துவிட்டது.
உட்கார்ந்தார், அடுத்தவர் கட்டிலில் உட்கார்வதுபோல்
விளிம்பில்.
பாலாடைக்கட்டியை எடுத்துப்போய் மர்டோ நீட்டினான்,
பெருமையாக, தப்பான பக்கத்திலிருந்து.
வாயை மூடிப் பொறுத்துப் பார்த்தார் டூகல்.
முடியவில்லை.
'இடப்பக்கம், ஐயா,' என்றார் மெல்ல.
மர்டோ சுற்றிக்கொண்டு வந்தான்.
அதற்கப்புறம்தான் அவர்
நாற்காலியாக இருந்த மரத்துண்டில் நன்றாகப் பின்தள்ளி அமர்ந்து
முழங்கையை மேசையில் ஊன்றினார்.

காலையில் நாங்கள் பெருக்கும்போது
கூரைமேல் சுத்தியல் சத்தம்.
கழுத்தில் இன்னும் அந்தக் கட்டுத்துணி.
விரிப்பில் நாணயமளவு ஒரு போர்ட் ஒயின் கறை,
அது என் கைவேலை.
ஈரத்தில் எல்லாப் பையும் ஏறும்போதைவிடக் கனத்தது.

வாயில் ஆணியோடு மேலிருந்து கத்தினார்:
'கதவை இழுத்துச் சாத்துங்கள்!
எலி வரும்.'