இரண்டாவது டிரைவ்

எமயோகி ஆறு உறைந்த வாரம்
விலைப்புள்ளிகள் மூன்று வந்து சேர்ந்தன.
மூன்றிலும் முதல் பக்கத்தில் வேகம்:
நொடிக்கு இத்தனை, மணிக்கு இத்தனை.
எல்லாம் எழுதும் வேகம்.
படிக்கும் கதையை ஒருவரும் எடுக்கவில்லை.

தார்த்து மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
பதினேழு வருட எலும்புகளுக்கு நான் காவல்.
எலும்பு, நுரையீரல், மார்பகம்,
பிறக்காத பிள்ளைகளின் மங்கலான குதிகால்.
படமாக வந்து, எண்ணாகப் படுத்து,
கறுப்புப் பெட்டிக்குள் நாடாவாய்ச் சுருண்டவை.
வாரம் ஒரு பிரதி ரைவோவின் வேனில்
வோருவுக்குப் போகும்,
எந்தக் கம்பியும் தொடாத ஒரு அலமாரிக்கு.
கம்பிவழி வருகிற திருடன்
கம்பியில்லாத இடத்தில் என்ன செய்வான்?

நிதிப்பிரிவின் உர்வே கேட்டாள்:
"டிரைவ் ஒன்று போதாதா, ஈவி?
இரண்டாவது சும்மாதானே கிடக்கும்?"
சும்மா கிடக்கத்தான் என்றேன்.
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

பிறகு கணக்கு.
இரவில் எங்கள் சர்வர் தருவது ஓடையளவு.
ஆகப் புதிய டிரைவுக்கு ஆறு வேண்டும்.
ஓடை தயங்கினால் அது நிற்கும்,
பின்னால் சுற்றும், விட்ட இடம் தேடும்,
ஓடும், மறுபடி நிற்கும்.
ஷூவுக்குப் பாலிஷ் போடும் துணிபோல
முன்னும் பின்னும் போய்ப் போய்
நாடா தேயும்.
பசியைப் பார்த்துத்தான் இலை போடவேண்டும்,
இங்கே பசி இயந்திரத்துடையது.
நடுவில் ஒரு வட்டு வாங்கி
ஓடையைத் தேக்கிக்கொடுப்பதென்று எழுதினேன்.

மூன்றாவது நிறுவனம்
இயந்திரக் கையின் படம் அனுப்பியிருந்தது:
இருட்டு, நீல விளக்கு,
பார்கோடு தடவிப் போகும் விரல்.
அழகாக இருந்தது.
உதிரிபாகம் வர ஒன்பது நாள்.
ஒதுக்கிவிட்டேன்.

தாவெத் மாதிரி டிரைவோடு வந்தான்.
இழுப்பறையிலிருந்து ஒரு நாடாவை நீட்டினேன்.
ஐந்தாம் தலைமுறை, என் கையெழுத்தில் தேதி.
"இதைப் படித்துக் காட்டுங்கள்."
ஓரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
ஒன்பதுக்கு எட்டைத் தெரியும்.
ஐந்து யாரோ எவரோ.
இயந்திரத்துக்குத் தலைமுறை என்று பேர்வைத்தவன்
குடும்பம் நடத்தியவனாகத்தான் இருக்கவேண்டும்.

தாவெத் பொய் சொல்லவில்லை.
பழைய ஏழு ஒன்று காரில் கிடக்கிறது என்றான்,
ஏழு ஐந்தைப் படிக்கும்,
விலைப்பட்டியலில் இல்லை.
பனி ஒட்டிய பெட்டியோடு திரும்பினான்.
மின்கம்பியைச் செருகப்போன கையைப் பிடித்தேன்.
இருபது பாகைக் குளிரிலிருந்து வந்தது
உடனே ஓடினால் உள்ளே வியர்க்கும்.
நாளைக்கு வாருங்கள்.

மறுநாள்
நான் பேர் மறந்துபோன ஒரு கோப்பு
பதினொரு நிமிடம் தேடி வந்தது.
முதலில் சாம்பல், பிறகு ஒரு மணிக்கட்டு.
இடது. மயிரிழைக் கீறல்.
இரண்டாயிரத்துப் பதினொன்று, பிப்ரவரி.
ஐஸில் வழுக்கிய யாரோ.

படிவத்தோடு கீழே வந்த உர்வே
என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.
"இந்நேரம் கூடியிருக்கும்" என்றாள்.
டிரைவ் என்ற கட்டத்தில் இருந்த ஒன்றை
அடித்துவிட்டு இரண்டு என்று போட்டாள்,
பழைய ஏழுக்குத் தனியாக ஒரு வரி.

அவள் லிஃப்டுக்குக் காத்திருக்கையில்
துப்புரவு நாடா இரண்டு பெட்டி
நானே சேர்த்துக்கொண்டேன்.