இருபத்திரண்டு சொட்டு

அப்பா எண்ணுவது சமையலறை வரை கேட்கும்.
பதினாறு. பதினேழு.
எங்கள் வீட்டுக்கே அந்த மருந்தின் வாசனை,
புதினாவும் ஸ்பிரிட்டும் காயாத துணியும்.
யார் கேட்டாலும் "நெஞ்சுக்கு" என்பார்.
யாரும் கேட்டதில்லை.

சியாத்துராவில் அந்த வயது ஆண்கள் எல்லோருக்கும் நெஞ்சுதான்.
பக்கத்து வீட்டு அம்ப்ரோசிக்கு நெஞ்சு.
ஒரு மார்ச் காலையில் பாலத்திலிருந்து வீடு திரும்பாத
வெல்டர் குக்கூரிக்கும்
நெஞ்சு என்றே எழுதினார்கள்.

குதாயிசி டாக்டர் வருடாவருடம்
நீளக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்:
"ஷால்வா, இந்த இதயம் என்னைப் புதைத்துவிட்டுத்தான் ஓயும்."
அம்மா நிம்மதியில் அழுவாள்.
அப்பா அன்றிரவும் எண்ணுவார்.

நான் திபிலிசியில்
மெட்ரோ எஸ்கலேட்டரின் பாதியில் உட்கார்ந்துவிட்டவள்.
எனக்கு அதன் பெயர் தெரியும்.
வியாழன் ஏழு மணிக்குத் திரையில் நாத்தியா வருவாள்,
அவளிடம் பெயர் சொல்லியே பேசுவேன்.

ஊருக்கு வந்த வாரம்
சமையலறையில் மட்டும்தான் நெட் எடுத்தது.
அப்பா வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார்.
கொஞ்ச நேரத்தில் உடைக்கும் சத்தம் நின்றது.
எழுந்து போகவில்லை.

முடித்ததும் கேட்டார்:
"உன் பெயரை எழுதிக்கொண்டார்களா?"
எங்கே?
"பதிவேட்டில்."
சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

"பெயர் ஏறினால் சாவியை வாங்கிவிடுவார்கள்.
ரோப் கார் ஓட்டுகிறவனிடம்
சாவியை விட்டால் என்ன இருக்கிறது?"

எண்பத்து மூன்று, பிப்ரவரி. மின்சாரம் போய்விட்டது.
க்விரிலா நதிக்கு மேலே
பதினொரு சுரங்கத் தொழிலாளிகளும் அப்பாவும்,
ஆறு மணி நேரம்.
ஒருவன் பாடினானாம். ஒருவன் மூலையில் மூத்திரம் போனானாம்.
அப்பா கதவுக் கொக்கியை விடவேயில்லை.
"அவர்களுக்காக இல்லை. என் கையை
எனக்கு நம்ப முடியவில்லை."

அவ்வளவுதான் சொன்னார்.
மறுநாள் காலை ஷிப்டுக்குப் போயிருக்கிறார்.
பிறகு இருபத்தாறு வருடம், ஒரு நாளைக்கு நாற்பது தடவை,
அதே கதவு.

நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றது,
நாத்தியா எனக்குக் கொடுத்தது.
அவருக்குக் கொடுக்க வாய் வரவில்லை.
"அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தருகிறாய்?" என்றார்.
சொன்னேன்.
"இரண்டு கிலோ மாட்டிறைச்சி" என்று கணக்குப் போட்டுவிட்டு
அடுத்த கொட்டையை எடுத்தார்.

இரவு,
இருபது. இருபத்தொன்று.
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
காத்திருந்தேன்.
"இருபத்திரண்டு" என்றேன்
சுவரின் இந்தப் பக்கமிருந்து.

வெகுநேரம் கழித்து,
"தெரியும்" என்றார்.